புதுப்பிப்பு: தங்கையின் விவாகரத்து வழக்கு முடிந்தது

போன வருடம் கேட்டிருந்தேன்: கணவர் விட்டுப்போய் மூன்று வருடம் ஆச்சு, "திருமணம் மீளமுடியாமல் முறிந்துவிட்டது" என்று சொல்லி என் தங்கை விவாகரத்து கேட்கலாமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

முடியாது என்றவர்கள் சொன்னதே சரி. இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே கிடையாது. 2023 ஷில்பா சைலேஷ் வழக்கின் தீர்ப்பு சொல்வது, அந்தக் காரணத்துக்காக விவாகரத்து தர அரசியலமைப்பின் 142-வது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். அதனால் இரண்டு வருடத்துக்கு மேல் கைவிட்டார் என்ற காரணத்தில் மனு போட்டோம்.

அசல் கல்யாணப் பத்திரிகை கேட்டார்கள். அம்மா பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார். மூலையில் தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது. தங்கை வெகுநேரம் பேசவில்லை.

எதிர்பாராதது, சமரசப் பேச்சில் கணவரே விவாகரத்துக்குச் சம்மதித்தார். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு (அதே சட்டத்தின் 13பி பிரிவு) மாறினோம். அதில் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவில் உள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் (அமர்தீப் சிங் வழக்கு, 2017) என்று ஒருவர் எழுதியிருந்தீர்களே, அதுதான் கைகொடுத்தது. ஆனால் அது தானாகக் கிடைக்காது. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். நாங்கள் நகைக் கணக்கைக்கூட எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தோம்.

கடைசி வாய்தாவில் நீதிபதி கேட்டார்: "யாராவது வற்புறுத்தினாங்களாம்மா?"

"இல்லைங்க ஐயா."

அன்றைக்கே தீர்ப்பு. சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போட்டுவிட்டோம்.