மாஃபியா 3: பாதியில் நிற்கிறேன், தொடரலாமா?

கேள்வி:
மாஃபியா 3 வீடியோ கேம் தொடங்கிப் பத்து மணி நேரம் ஆகிறது. ஆரம்பம் பிரமாதம். மார்டி கிரா திருவிழா நாளில் கொள்ளை, அன்றிரவே கூட இருந்தவர்களே, கறுப்பின நாயகன் லிங்கனை வளர்த்த சாமியையும் சாமியின் மகன் எல்லிஸையும் கொன்று, சாமியின் பாருக்குத் தீ வைக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு ஏரியாவிலும் ஒரே வேலை: அடியாளைப் பிடி, சரக்கை உடை, தலைவனைத் தீர்த்துக்கட்டு. கடைசி வரை இப்படித்தானா? நான் கதைக்காக விளையாடுகிறவன்.

பதில்:
ஆமாம், கடைசி வரை அப்படித்தான். ஆனாலும் விட்டுவிடாதீர்கள். இரண்டு முறை முடித்தவன் சொல்கிறேன்.

முதல் முறை நானும் மிஷன் மிஷனாக ஓடினேன். இரண்டாம் முறை காரை நிறுத்திவிட்டு நடந்தேன். கதை நடப்பது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைப் பார்த்துச் செய்த நியூ போர்டோ என்ற கற்பனை நகரம், 1968. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டு. பொது இடங்களில் நிறப் பாகுபாடு கூடாது என்று 1964லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சில கடைகளில் லிங்கன் காலை வைத்ததுமே கடைக்காரர் வெளியே போ என்கிறார். நான் எதையும் தொடவில்லை, துப்பாக்கியை எடுக்கவில்லை. சும்மா நின்றேன். போலீசைக் கூப்பிட்டுவிட்டார். வியட்நாம் போரில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் லிங்கன்! கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன், அவ்வளவு கோபம்.

ஏதாவது ஒரே குற்றத்தைப் பணக்காரர்களின் ஃபிரிஸ்கோ ஃபீல்ட்ஸிலும், கறுப்பின மக்கள் வாழும் டெல்ரே ஹாலோவிலும் செய்து பாருங்கள். முதல் இடத்தில் போலீஸ் பறந்து வரும். ஹாலோவில் சாவகாசமாக வரும். யாரும் வசனம் பேசி இதை விளக்குவதில்லை. நீங்கள் தேடும் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இன்னொருவர்:
மிஷன் அலுப்புக்கு ஒரு வழி: ஏரியாவுக்குள் போனதும் முதலில் தெருவில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ்களில் (இணைப்புப் பெட்டிகளில்) ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்துவிடுங்கள், எதிரிகள் எங்கே என்று தெரிந்துவிடும். கைப்பற்றிய ஏரியாக்களை லிங்கனின் கூட்டாளிகளான கசாண்ட்ரா, பர்க், வீட்டோ மூவருக்கும் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். ஒருவரைத் தொடர்ந்து ஒதுக்கினால் அவர் உங்களுக்கே எதிராகத் திரும்புவார். மாஃபியா 2 விளையாடியவர் என்றால், அதன் நாயகனான வீட்டோவை இழக்க மனசு வராது.

கேட்டவர்:
நன்றி. நேற்றிரவு மிஷன் எதையும் தொடாமல் ஹாலோவில் ஒரு மணி நேரம் நடந்தேன். தெருமுனையில் சும்மா நின்றபோதே ரோந்து போலீஸ் என்னைக் கவனிப்பதாகத் திரையில் நீலக்குறி வந்தது. பழக்கதோஷத்தில் ஓடப் பார்த்தேன். ஓடவில்லை, மெதுவாகவே நடந்தேன். இன்றிரவு ஃபிரிஸ்கோ ஃபீல்ட்ஸ் போகிறேன்.