பொது நீச்சல் குளம்: ஒரே தொட்டியா, தனித்தனித் தொட்டிகளா?

வரைபலகை எழுதியது:
குடும்பத்தோடு வருவோருக்கான வசதி என்ற பெயரில், மூலையில் கணுக்கால் அளவு நீர் நிற்கும் ஒரு குட்டித் தொட்டியைக் கட்டி, சுற்றிலும் கம்பிவேலி இட்டுவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதிவிடுகிறோம். ஏழு வயதுப் பிள்ளையையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் ஒருசேர அழைத்து வருபவர் அந்த அமைப்பில் எங்கே நிற்பார்? வேலிக்கு உள்ளே நின்றால் மூத்த பிள்ளை கண்ணில் படாது. வெளியே நின்றால் இளையது தனித்துவிடும். எனவே ஒரே பெரிய தொட்டி போதும் என்பது என் நிலைப்பாடு. அதன் ஒரு பக்கம் கடற்கரையைப் போல, நீரற்ற விளிம்பிலிருந்து பன்னிரண்டுக்கு ஒன்று (பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஆழம்) என்ற சரிவில் மெல்ல ஆழமாகட்டும். கைப்பிடியும் பொருத்திவிட்டால், ஏணியில் இறங்க இயலாத முதியவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதுவே வழியாகும்.

நெடுநீச்சல் எழுதியது:
நண்பரே, அந்தச் சரிவைக் கணக்கிட்டுப் பார்த்தீர்களா? பன்னிரண்டுக்கு ஒன்று என்றால், 1.2 மீட்டர் ஆழத்தை எட்டவே 14.4 மீட்டர் நீளம் தேவை. 25 மீட்டர் தொட்டியில் நீளவாக்கில் பாதிக்கு மேல் போய்விடும். அகலவாக்கில் வைத்தால் நேராக நீந்துவதற்கான தடங்கள் போய்விடும். நீந்துபவர் காலால் உதைத்துத் திரும்புவதற்குச் செங்குத்தான சுவர் வேண்டும், சரிவில் அது இராது.

இதைவிட முக்கியமானது நீரின் வெப்பநிலை. போட்டி நீச்சலுக்கு 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை என்பது வரையறை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு அதிகம் என்பதால், அந்த நீரில் குழந்தையின் உடல் விரைவில் குளிர்ந்து, உதடு நீலம் பாரிக்கத் தொடங்கிவிடும். குழந்தைகளுக்கு 30 பாகைக்கு மேல் வேண்டும். அந்த வெதுவெதுப்பில் விரைந்து நீந்துபவருக்கோ உடல் சூடேறிவிடும். ஒரே தொட்டியில் இரண்டு வெப்பநிலைகளை வைக்க இயலாது.

கரைக்காவல் எழுதியது:
பல ஆண்டுகள் உயிர்காப்பாளராகப் பணியாற்றியவன் என்ற முறையில் சில சொற்கள். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டி உதவி கேட்பதும் இல்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். மூச்சு விடவே போதாத வாயால் எப்படிக் கூவ முடியும்? ஒரு நிமிடத்துக்குள்ளாகவே அனைத்தும் முடிந்துவிடக்கூடும். உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2021 ஆம் ஆண்டில் நீரில் மூழ்கி இறந்தோர் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். (பெரும்பாலானவை ஆறு, கிணறு, குட்டை போன்ற நீர்நிலைகளில் நிகழ்பவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சரிவுத் தளத்தில் என்னை அஞ்சவைப்பது, எல்லை எது என்று குழந்தைக்குத் தெரியாமல் போவதுதான். படி இருந்தால் கால் உணரும். சரிவிலோ ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைப் போலவே இருக்கும், திடீரென்று தரை கிடைக்காது. சரிவு வைத்தே தீர வேண்டுமானால், ஆழம் மாறும் இடங்களில் அடர்நிறக் கோடுகள் இடுங்கள். அழகுக்காகத் தரையில் மீனும் ஆமையும் வரையாதீர்கள். அசையாமல் கிடக்கும் உடலை அந்தச் சித்திரங்களுக்கு நடுவே பிரித்தறிவது கடினம். நான் பணியாற்றிய ஒரு குளத்தில் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. மாலையானதும் நீர்ப்பரப்பு வெள்ளித் தகடாகிவிடும், அடியில் இருப்பது எதுவும் தெரியாது. கட்டியவர்கள் அதனைக் காற்றோட்டமான அழகு என்றார்கள்.

இருபிள்ளைத்தாய் எழுதியது:
நீங்கள் அனைவரும் நீருக்குள்ளேயே நிற்கிறீர்கள். எனக்குத் தொல்லை தொடங்குவது உடை மாற்றும் அறையில். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இருந்தால், மகளுடன் வரும் தந்தை எங்கே போவார்? நான்கு பேர் நிற்கக்கூடிய, தாழிடக்கூடிய குடும்ப அறைகள் சில போதும்.

கழிப்பறையும் அப்படித்தான். குழந்தைகள் விளையாடும் நீரிலிருந்து நாற்பது அடி தள்ளி, வழுக்கும் தரையைக் கடந்து, நுழைவாயில் அருகே அதனை வைத்தால் மூன்று வயதுக் குழந்தை அதுவரை பொறுக்குமா? குளத்தில் கண்ணை எரிக்கும் அந்த நெடியைக் குளோரின் அதிகமானதன் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உருவாகும் குளோரமைன்களின் நெடி அது. கழிப்பறையையும் குளியல் குழாயையும் நீருக்கு அருகே கொண்டுவந்தால் அந்த நெடி குறையும்.

நெடுநீச்சல் எழுதியது:
அம்மையார் சொல்வது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரி, முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நேர்ந்தால், பொதுத் தொட்டி முழுவதையும் மூட வேண்டும். தனித் தொட்டியும் தனி வடிகட்டியும் இருந்தால் அதனை மட்டும் மூடினால் போதும். ஆழம் குறைந்த நீர் விரைவில் அழுக்காகும் என்பதால், அதன் நீரைப் பெரிய தொட்டியைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழற்றி வடிகட்ட வேண்டியும் இருக்கிறது. பொது வடிகட்டியால் அது ஆகாது.

வரைபலகை எழுதியது:
வெப்பநிலையிலும் வடிகட்டலிலும் நான் தோற்றேன். ஒரே தொட்டி என்ற கருத்தைக் கைவிடுகிறேன். ஆனால் மூலைத் தொட்டியை இன்னும் ஏற்கவில்லை. இரண்டு தொட்டிகளும் அருகருகே, நடுவில் மூன்று மீட்டர் அகல நடைமேடையோடு அமையட்டும். அதன் நடுவே முழங்கால் உயரத்தில் நீண்ட திண்ணை ஒன்றைக் கட்டினால், அதில் அமர்பவர் கழுத்தைத் திருப்பினாலே இரு நீரும் தெரியும். சரிவைச் சிறு தொட்டியில் மட்டும் வைக்கலாம். அதிக ஆழம் அரை மீட்டர் என்றால் ஆறு மீட்டரில் முடிந்துவிடும்.

இருபிள்ளைத்தாய் எழுதியது:
இது எனக்குப் பொருந்தும். திண்ணைக்கு மேலே நிழல் வேண்டும் என்பதை மட்டும் வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள்.

கரைக்காவல் எழுதியது:
எனக்குப் பொருந்தவில்லை. முழங்கால் உயரத் திண்ணை பெரியவருக்கு இருக்கை, இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏறுபடி. மூன்று மீட்டரைக் கடக்க அதற்குச் சில நொடிகள்தாம் ஆகும். அந்தப் பக்கம் இருப்பதோ ஆழத் தொட்டி. பெரிய தொட்டியின் பக்கமாகப் பார்வையை மறைக்காத செங்குத்துக் கம்பிகளும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும்.

வரைபலகை எழுதியது:
வேலி வேண்டாம் என்றுதானே தொடங்கினேன்!

கரைக்காவல் எழுதியது:
கம்பி எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. திண்ணைக்கும் சிறு தொட்டிக்கும் இடையே வேண்டாம். திண்ணைக்கும் பெரிய தொட்டிக்கும் இடையே வையுங்கள். திண்ணையில் ஏறித் தாண்ட முடியாதபடி, கம்பிக்கும் திண்ணைக்கும் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விடுங்கள். அதற்கு மூன்று மீட்டர் நடைமேடை போதாது.

நெடுநீச்சல் எழுதியது:
நடைமேடையை அகலமாக்கத் தடங்களில் கை வைக்காதவரை எனக்கு மறுப்பில்லை.