மறு: 'லான்சர்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

'லான்ஸ்' என்ற நீண்ட ஈட்டியை ஏந்திய குதிரைவீரர்தான் 'லான்சர்'. அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த 'வேற்பரியர்' காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வேல் என்றதும் நம்மவர் நினைப்பு முருகனிடம் போய்விடும். வெறும் 'ஈட்டி'யும் போதாது. விளையாட்டுச் செய்திகளில் 'ஈட்டி எறிதல்' என்று படித்துப் படித்து, ஈட்டி என்றாலே எறிவது என்றாகிவிட்டது. லான்ஸை எறிவதில்லை. ஒன்பதடி நீளக் கழியைப் பிடித்தபடி, குதிரையின் பாய்ச்சலையே முனையில் திரட்டிக் குத்துவார்கள். ஆகவே 'குத்தீட்டி'. புதிதாக ஆக்கவே வேண்டாம், இருக்கிற சொல்தான். அதை ஏந்துபவர் குத்தீட்டியர். 'குந்தம்' இன்னும் பழையது, ஆனால் அகராதி பார்க்காமல் இன்று விளங்காது.

வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். "1811 மே 16, ஸ்பெயினின் அல்புவேரா: மழையில் துப்பாக்கிகள் நனைந்து கிடந்த பிரிட்டிஷ் காலாட்படைப் பிரிகேடைப் போலந்துக் குத்தீட்டியர் சிதறடித்தனர்." சரியாக இருக்கிறது. "1918 செப்டம்பர் 23: ஜோத்பூர், மைசூர் குத்தீட்டியர் ஒட்டோமான் இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்துப் பாய்ந்து ஹைஃபாவைப் பிடித்தனர்." இதுவும் சரி.

1939இல்தான் இடிக்கிறது. செப்டம்பர் 1 அன்று, போலந்தின் கிரோயான்டி என்ற ஊரருகே பாய்ந்தது போலந்தின் 18ஆம் பொமேரேனிய உலான் படைப்பிரிவு. உலான் என்றாலும் லான்சர்தான். ஆனால் போலந்து அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போர்க்களத்துக்குக் குத்தீட்டி வேண்டாம் என்று விட்டிருந்தது. அன்று அவர்கள் கையில் இருந்தவை வளைவாள்கள். எதிரே இருந்தது ஜெர்மன் காலாட்படை. அதைக் கலைத்தும் விட்டார்கள். பிறகு வந்த கவச வண்டிகளின் இயந்திரத் துப்பாக்கிகளுக்குத்தான் பலியானார்கள். 'ஈட்டியோடு டாங்கியை முட்டிய முட்டாள்கள்' என்ற கட்டுக்கதை இன்றும் அவர்களைத் துரத்துகிறது. இங்கே 'குத்தீட்டியர்' என்று மொழிபெயர்த்தால் அந்தப் பொய்யை நாமும் தமிழில் சொன்னவர்களாவோம். செத்தவர்களுக்கு அந்த அநியாயத்தை நாம் செய்யக் கூடாது.

தொடர்ந்து சுடும் துப்பாக்கியும் முள்கம்பியும் வந்தபின் ஆயுதம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. பிரிட்டன் 1903இல் குத்தீட்டியைக் கைவிட்டு, 1909இல் திரும்ப எடுத்து, 1920களின் இறுதியில் அணிவகுப்போடு நிறுத்திக்கொண்டது. நம் இந்திய ராணுவத்தின் 20 லான்சர்ஸ் 1965 போரில் ஜம்முவின் சம்ப் பகுதியில் போரிட்டது ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளில். அவர்களையும் குத்தீட்டியர் என்று எழுதினால் வாசகர் குதிரையைத் தேடுவார்.

எனவே, கையில் அந்த ஆயுதம் இருந்தால் மட்டும் 'குத்தீட்டியர்'. படைப்பிரிவின் பெயராக வந்தால் 'லான்சர்ஸ்', 'உலான்' என்று ஒலிப்படியே விடலாம். சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே சேர்க்க வேண்டுகிறேன்.

குதிரைப்படையின் வாளான 'சேபர்' என்பதற்கு மேலே வளைவாள் என்று எழுதியிருக்கிறேன். நேரான அலகு கொண்ட சேபரும் உண்டு என்பதால் அதில் எனக்கே நிறைவில்லை. உங்களுக்கு வேறு தோன்றினால் எழுதுங்கள்.