பேரிங் ஷெல் ராடைவிட அகலம், கிளியரன்ஸும் டைட்: உள்ளே குடைந்து போர் பண்ணலாமா?

காக்கி புக்கிட் ரைடர்:
சுசூகி நாலு சிலிண்டர் எஞ்சினுக்குக் கஸ்டம் கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) போடுகிறேன். பிக் எண்ட் போர் (ராடின் பெரிய பக்கத் துளை) 41.00 மி.மீ., அதற்குள் சுழலும் கிராங்க் பின் 37.99. இரண்டுக்கும் நடுவே வரும் அரைவட்ட ஷெல் ஜோடியில் கையில் இருப்பது மஞ்சள், தடிமன் 1.494. கிளியரன்ஸ் (பின்னுக்கும் ஷெல்லுக்கும் இடையே எண்ணெய்க்கான இடைவெளி) 0.022தான் வருகிறது, மேனுவல் கேட்பது 0.032 முதல் 0.056 வரை. ஷெல் ராடைவிட 0.8 மி.மீ. அகலம் வேறு. உள்பக்கம் 0.008 எடுத்து, ஓரத்தையும் சீவிவிடலாமா?

உபி லேத்:
உள்பக்கம் கை வைக்காதீங்க. மூன்று அடுக்கு ஷெல் என்றால் மேல் பூச்சே சுமார் 0.02தான், அதில் பாதிக்குக் கிட்ட போய்விடும். அதைவிட முக்கியம்: ஷெல் நடுவில் தடிப்பு, இணைப்பு விளிம்பு பக்கம் கொஞ்சம் மெலிசு. ராட் இழுபடும்போது பிக் எண்ட் பக்கவாட்டில் குறுகும், அதற்கான இடம் அது. ரவுண்டாகப் போர் பண்ணினால் அந்த வடிவமே காலி.

நிறத்தை மாற்றுங்க, நிறம்தான் ஷெல் தடிமனுக்கான குறி. பச்சை 1.480–1.484, கருப்பு 1.484–1.488, பழுப்பு 1.488–1.492, மஞ்சள் 1.492–1.496. கருப்பு போட்டால் 0.038 வரும். கிராங்க்கைத் தொட வேண்டியதே இல்லை.

ஓரம் சீவலாம். 41.00 போர் உள்ள அலுமினிய வளையம் செய்து இரண்டாக அறுத்து, ஷெல் ஓரத்தில் நீட்டியிருக்கும் நாக்குக்குக் காடி (பள்ளம்) வெட்டி, ஷெல் ஜோடியை அதில் இறுக்கிப் பிடிங்க. கூரான ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல், மெலிசான கட். நாக்கு இல்லாத பக்கம் எடுங்க. ராடைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்ளே நிற்கட்டும். உள் விளிம்பில் 0.5 சாம்ஃபர் (சரிவு வெட்டு) கொடுங்க, இல்லாவிட்டால் பின் மூலை வளைவில் ஏறி உட்காரும். பிசிரை பிளேடால் வழிங்க. எமரி தாள் ஆகவே ஆகாது, அந்தத் துகள் பூச்சில் புதைந்து பின்னைத் தின்னும்.

காக்கி புக்கிட் ரைடர்:
ஒரே பக்கம் எடுத்தால் ஆயில் துளை நகராதா? இணைப்பு விளிம்பு ராடுக்கு மேல் துளி நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதை அரம் போடவா?

உபி லேத்:
நாக்குக் காடி இடம் மாறவில்லை என்றால் துளையும் நகராது. ஷெல் நடுவுக்கு வரவில்லையென்றால் மட்டும் ராடில் காடியைத் தள்ளி வெட்டுங்க, துளையையும் சரிபாருங்க. அந்த நீட்டல் வேண்டியது! போல்ட் இறுகும்போது ஷெல்லைப் போரோடு அழுத்திப் பிடிப்பது அதுதான், நாக்கு வெறும் இடங்காட்டி. அரம் போட்டால் ஷெல் சுழலும்.

தோ பாயோ மெட்ராலஜி:
41.00 என்பது ஷெல் இல்லாமல், போல்ட்டை முழு டார்க்கில் (திருகு விசையில்) இறுக்கி எடுத்த அளவா? இல்லையென்றால் மேலே உள்ள கணக்கு செல்லாது. வெயிலில் லாரியில் வந்த கிராங்க்கை ஏர்கான் அறையில் உடனே அளக்காதீங்க. 10 டிகிரி வித்தியாசத்துக்கு 38 மி.மீ. பின் 0.004 பெருத்துக் காட்டும். கிராங்க், ராட், மைக்ரோமீட்டர் மூன்றும் ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடக்கட்டும்.

காக்கி புக்கிட் ரைடர்:
டார்க் பண்ணி அளந்ததுதான். கருப்பு ஆர்டர் போடுகிறேன். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) மட்டும் போதுமா?

தோ பாயோ மெட்ராலஜி:
கடைசிச் சரிபார்ப்புக்குப் போதும். எண்ணெயில்லாமல் துடைத்து வையுங்க, இறுக்கிய பின் கிராங்க் அசையக்கூடாது. ஆனால் அது ஒரு கோட்டில்தான் அளக்கும்; பின் முட்டையாகத் தேய்ந்திருந்தால் காட்டாது. 90 டிகிரி திருப்பி இன்னொரு தடவை வைத்துப் பாருங்க.