புதுப்பிப்பு: வெள்ளி மெட்டாலிக் பூச்சில் தூசியும் திட்டும்

நிஸான் ஸ்கைலைன் காரின் 1/24 அளவு பிளாஸ்டிக் மாதிரிக்கு நான் அடித்த வெள்ளி மெட்டாலிக் பெயின்டில் தூசி பதிந்ததையும், கூரையில் மேகம் போலத் திட்டுகள் விழுந்ததையும் சென்ற மாதம் எழுதி, வழி கேட்டிருந்தேன். அந்தப் பூச்சை முழுவதும் நீக்கிவிட்டு மறுபடி அடித்தேன். இம்முறை மனம் நிறைந்திருக்கிறது.

திட்டுகளுக்குக் காரணம் என் அவசரமே. மெட்டாலிக் பெயின்டில் கலந்துள்ள நுண்ணிய அலுமினியச் செதில்கள், பூச்சு ஈரமாகத் தேங்கும் இடங்களில் நகர்ந்து குவிந்துவிடுகின்றன. ஆகவே பெயின்டைக் காற்றால் தெளிக்கும் கருவியான ஏர்பிரஷின் காற்றழுத்தத்தை ஏறத்தாழ 15 பிஎஸ்ஐ அளவில் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து மெல்லிய பூச்சுகளை, இடையிடையே பத்து நிமிடம் உலரவிட்டு அடித்தேன்.

தூசியைப் பொறுத்தவரை, உலர்ந்த துணியால் துடைக்கும்போது பிளாஸ்டிக்கில் உண்டாகும் நிலைமின்னூட்டமே அதை இழுக்கிறது என்பதால், ஈரத்துணியால் மட்டும் ஒற்றியெடுத்தேன். மின்விசிறியை அரை மணி நேரம் முன்பே நிறுத்தி, தரையில் நீர் தெளித்து, அடித்து முடித்த உடனே மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தேன்.

அப்படியும், மெட்டாலிக் பூச்சின்மேல் அடித்த நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டில் இரண்டு தூசித் துகள்கள் விழுந்தன. மெட்டாலிக் பூச்சையே தேய்த்தால் செதில்கள் வெட்டுப்பட்டு நிறம் மாறிவிடும். கிளியர் கோட்டில் அந்த அச்சமில்லை. ஒரு வாரம் உலரவிட்டு, 3000 எண் உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டேன். கதவு விளிம்புகளில் பூச்சு மிக மெல்லியது என்பதால் அங்கே மட்டும் கை வைக்கவில்லை.