மடிக்கணினியின் பிராசஸர் 0.79 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை: காரணம் என்ன?

கெடிலக்கரை (கடலூர்):
அனைவருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். அலுவலக மடிக்கணினியில் இன்டெல் கோர் ஐ5-8250யு பிராசஸரும் 8 ஜிபி ராமும் உள்ளன. அண்மைக் காலமாக ஒரு எக்செல் கோப்பைத் திறப்பதற்கே நெடுநேரம் பிடிக்கிறது. மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டிய எங்களுக்கு இது பெரும் இடையூறு. செட்டிங்ஸில் உள்ள அபவுட் பக்கம் 1.60, 1.80 என்று இரண்டு எண்களைத் தருகிறது; டாஸ்க் மேனேஜரோ 0.79 என்கிறது. எதை நம்புவது? பழுது பார்ப்பவர், வெயில்தான் காரணம், தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் வெப்பத்தைக் கடத்தும் பசை) மாற்ற வேண்டும் என்கிறார்.

வில்லியனூரான் (புதுச்சேரி):
ஐயா, அபவுட் பக்கத்தில் இருப்பது பிராசஸருக்குக் குறிக்கப்பட்ட வேகம். கணினி தூங்கி வழிந்தாலும் அந்த எண்கள் மாறமாட்டா. இந்த நொடியில் ஓடும் வேகத்தை அறிய, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதைத் தேர்ந்தெடுத்து, வரைபடத்துக்குக் கீழே ஸ்பீட் என்று வருவதைப் பாருங்கள். வேலையில்லாதபோது அது 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவது குறையன்று, மின்சாரச் சிக்கனம். ஆகவே பெரிய கோப்பு ஒன்றைத் திறந்து வேலை கொடுத்தபின் பார்க்க வேண்டும். உங்கள் பிராசஸர் டர்போவில், அதாவது வேலை கூடும்போது தற்காலிகமாக ஏறும் வேகத்தில், 3.4 வரை செல்லக்கூடியது.

கெடிலக்கரை:
அவ்வாறே செய்தேன். பயன்பாடு நூறு விழுக்காட்டை ஒட்டி நின்றபோதும் வேகம் 0.79ஐ விட்டு அசையவில்லை. கணினியை அணைத்து, நன்றாக ஆறிய பிறகு இயக்கினாலும் தொடக்கத்திலிருந்தே அதே நிலைதான். பவர் ஆப்ஷனில் பிராசஸருக்கான உச்ச அளவு 100 விழுக்காடு என்றே இருக்கிறது.

வில்லியனூரான்:
அப்படியானால் பேஸ்ட்டுக்குச் செலவு செய்ய அவசரப்படாதீர்கள். வெப்பத்தால் வேகம் குறையும் கணினி, முதலில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் பாய்ந்து, விசிறி இரைந்து, பிறகுதான் படிப்படியாக இறங்கும். குளிர்ந்த நிலையிலும் ஒரே எண்ணில் கட்டிப்போட்டதுபோல் நிற்கிறது என்றால், வேறு எதுவோ பிராசஸரைத் தடுக்கிறது. சார்ஜர் கணினியோடு வந்ததா, பின்னர் வாங்கியதா? அதைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டி, மறுபடியும் வேகத்தைப் பாருங்கள்.

கெடிலக்கரை:
வியப்பாக இருக்கிறது! சார்ஜரை உருவிய சிறிது நேரத்தில் வேகம் 2.9க்கு ஏறியது, மீண்டும் செருகியதும் 0.79க்கு விழுந்தது. இது அலுவலகத்தில் பின்னர் வாங்கிய 65 வாட் மாற்றுச் சார்ஜர். பேட்டரியும் இதில் ஏறுவதில்லை.

துறைமுகவாசி (கடலூர் முதுநகர்):
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளில் பிடி ப்ரோக்ஹாட் (வேகத்தைக் குறைக்கும்படி பிராசஸருக்கு வெளியிலிருந்து வரும் சமிக்ஞை) என்ற தேர்வை நீக்கினால் தடை விலகும். பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

வில்லியனூரான்:
விலகும், ஆனால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சில நிறுவனங்களின் மடிக்கணினிகளில், சார்ஜர் பின்னின் நடுவிலுள்ள மெல்லிய ஊசி வழியாகத்தான் சார்ஜரின் வாட் அளவு கணினிக்குத் தெரியவருகிறது. அத்தகவல் கிடைக்காவிட்டால், சார்ஜர் தாங்குமோ தாங்காதோ என்று கருதி, கணினி பேட்டரி ஏற்றுவதை நிறுத்தி, அந்த பிடி ப்ரோக்ஹாட் சமிக்ஞை மூலம் பிராசஸரையும் அடக்கிவிடுகிறது. பிராசஸருக்கு வெளியே மதர்போர்டின் பிற பாகங்கள் சூடேறினாலும் எச்சரிக்கை அதே வழியில்தான் வரக்கூடும் என்பதால், அதை அணைப்பது ஒரு காவலை அகற்றுவதாகும், பேட்டரியும் ஏறப்போவதில்லை.

கணினியை இயக்கும்போது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரை) சென்று, அடாப்டர் வகை என்ற இடத்தில் 65 வாட் என்று வருகிறதா, அன்நோன் (தெரியாதது) என்று வருகிறதா எனப் பாருங்கள். அன்நோன் என்றால், உங்கள் மாடலுக்குரிய அசல் சார்ஜரை யாரிடமேனும் இரவல் வாங்கிச் சோதித்த பிறகு புதிது வாங்குங்கள். அதிலும் அன்நோன் என்றே வந்தால், பழுது கணினிப் பக்கத்து சாக்கெட்டில் இருக்கலாம். உங்கள் ஊர் உப்புக்காற்றில் அந்தத் தொடர்புமுனை அரித்திருக்கவும் கூடும். பல மாடல்களில் அந்த சாக்கெட் மதர்போர்டோடு கேபிளால் இணைக்கப்பட்ட தனிப் பாகம் என்பதால், அதை மட்டும் மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள்.