நிரந்தர முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கு

கேள்வி: தருமபுரியிலிருந்து வந்து ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறேன், கொட்டகையில் தங்குவதால் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ என்னிடம் இல்லை. ஆதாரில் ஊர் முகவரியே உள்ளது. காரைக்குடியில் கணக்குத் தொடங்க வழியுண்டா ஐயா?

பதில் 1: உண்டு தம்பி. ஆதாரைக் கொடுத்து, இப்போது தங்கும் முகவரி வேறு என்று நீங்களே எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் உறுதிமொழியை ரிசர்வ் வங்கியின் விதி அனுமதிக்கிறது. மறுத்தால் தயங்காமல் மேலாளரைப் பாருங்கள். உழைத்த கூலி பத்திரமாக இருப்பது உங்கள் உரிமை.

பதில் 2: ஆவணம் எதுவுமே இல்லாதவர்களும், புகைப்படத்துடன் அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்டோ கைநாட்டு வைத்தோ 'சிறு கணக்கு' தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாயையும், மாதம் எடுப்பது 10,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. முதலில் 12 மாதங்களுக்குத்தான் செல்லும்.

பதில் 3: ஏடிஎம் அட்டை அஞ்சலில் வரக்கூடும் என்பதால், தபால்காரரிடம் கொட்டகையின் அடையாளத்தை முன்பே சொல்லி வையுங்கள்.